படியெடுப்புக் காரணி: சொல்லும் பொருளும்

டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு, ஒரு மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட வேண்டுமா, எப்போது, எவ்வளவு என்பதைக் கட்டுப்படுத்தும் புரதத்தை டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்கிறோம். மனித மரபுத்தொகுதியில் இத்தகைய புரதங்கள் ஏறத்தாழ 1,600 உள்ளன. தமிழில் இதற்குப் படியெடுப்புக் காரணி என்ற தொடர் பொருந்தும்.

டிரான்ஸ்கிரிப்ஷன் என்பதன் வேர், 'ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எழுதுதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினைச்சொல். தமிழில் 'படி' என்பது இதே வேலையை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலைதான் என்றும், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் முதியவராக வந்த இறைவன் அவையில் வாதிடுகிறார். செல்லில் நிகழ்வதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சொல்லிணையை நான் கண்டதில்லை. மூல ஓலையாகிய டி.என்.ஏ. உட்கருவிலேயே இருக்க, அதன் ஒரு பகுதியின் படியாகிய ஆர்.என்.ஏ. வெளியே வந்து, புரத ஆக்கத்துக்குப் பயன்பட்டபின் சிதைக்கப்படுகிறது.

ஃபேக்டர் என்ற லத்தீன் சொல்லுக்குச் 'செய்பவர்' என்று பொருள். 'காரணி'க்கு அடியாகிய 'காரணம்' என்ற வடசொல்லும் 'செய்' என்னும் பொருளுள்ள வேரிலிருந்தே பிறந்தது என்பதால், இரண்டும் நன்கு ஒத்துப்போகின்றன. ஆனால் சிலர் எழுதுவதுபோல் 'படியெடுக்கும் காரணி' என்று எழுதுவது பிழை. படியெடுக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி. காரணியோ அந்த நொதியை எந்த மரபணுவின் தொடக்கத்தில் அமர்த்துவது, எதை அண்டவிடாமல் தடுப்பது என்பதை முடிவுசெய்கிறது. தூண்டுவதைத் தூண்டி என்றும், தடுப்பதை ஒடுக்கி என்றும் பிரித்துச் சொல்லலாம்.

இந்த வேறுபாட்டின் முழு எடையும் மூளை வளர்ச்சியில்தான் தெரிகிறது. உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே மூல ஓலை இருக்க, ஒன்று தோலாகவும் மற்றொன்று நரம்புச் செல்லாகவும் ஆவதற்குக் காரணம், எந்தப் பக்கங்கள் படியெடுக்கப்படுகின்றன என்பதே. கருவின் பெருமூளைப் புறணியில், அதாவது பெருமூளையின் வெளியடுக்கில், பிரிந்து பெருகும் முன்னோடிச் செல்லில் பாக்ஸ்6 என்னும் காரணி நிறைந்திருக்கும். அச்செல் இடைநிலை முன்னோடியாக மாறும்போது பாக்ஸ்6 குறைந்து டிபிஆர்2 எழும். பிரிவதை நிறுத்தி நரம்புச் செல்லாகும்போது டிபிஆர்2 மறைந்து டிபிஆர்1 தோன்றும்.

செல் எங்கே இழையை நீட்ட வேண்டும் என்பதும் இவ்வாறே முடிவாகிறது. புறணியின் ஆழமான அடுக்கில், சிடிஐபி2 என்னும் காரணி ஓங்கியுள்ள செல், தன் நீண்ட இழையாகிய ஆக்சானைத் தண்டுவடம் நோக்கி அனுப்புகிறது. மேலடுக்குகளில் சாட்பி2 என்னும் காரணி சிடிஐபி2 மரபணுவையே ஒடுக்கிவிடுவதால், அங்குள்ள செல்லின் ஆக்சான் எதிர்ப்பக்க அரைக்கோளத்துக்குக் கடந்து செல்கிறது. சாட்பி2 நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகளில் மேலடுக்குச் செல்களிலும் சிடிஐபி2 தலைதூக்கி, அவற்றின் ஆக்சான்கள் மறுபக்கம் செல்லாமல் கீழ்நோக்கித் திரும்பிவிட்டன. ஓர் ஒடுக்கி இல்லாமற்போனதால், இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பாதையே குலைந்தது.

நரம்புச் செல் முதிர்வதற்கும் ஒடுக்கிகள் விலகியாக வேண்டும். ரெஸ்ட் என்னும் ஒடுக்கி, நரம்புச் செல்லல்லாத செல்களிலும் முன்னோடிகளிலும் நரம்புக்குரிய பல மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது. முதிர்ச்சியின்போது அதன் அளவு குறைவதால், மின்னழுத்தத்துக்கேற்பத் திறந்து மூடும் செல்சவ்வு வாயில்களுக்கும் நரம்பிணைப்புகளுக்கும் வேண்டிய புரதங்களின் படிகள் வெளிவருகின்றன. முதிர்ந்தபின்னும் காரணிகள் ஓய்வதில்லை. செல் தூண்டப்படும்போது உள்ளே புகும் கால்சியத்தின் விளைவாக க்ரெப் என்னும் காரணி செயலூக்கம் பெற்று, நீடித்த நினைவுக்குத் தேவையான மரபணுக்களைப் படியெடுக்க வைக்கிறது.

2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஏஎஸ்சிஎல்1, பிரன்2, எம்ஒய்டி1எல் என்னும் மூன்று காரணிகளை மட்டும் செலுத்தி, எலியின் இணைப்புத்திசுச் செல்களை மின்னலைகள் எழுப்பும் நரம்புச் செல்களாக மாற்றிக் காட்டினார்கள். அச்செல்களின் மூல ஓலையில் ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை. எந்தப் படிகள் எடுக்கப்பட்டன என்பது மட்டுமே மாறியிருந்தது.