குதிரை மேல் பாட்டு: உதடும் குரலும் பிசகாமல் சேர்ந்தது எப்படி?

ஜீன் ஆட்ரி, ராய் ரோஜர்ஸ், டெக்ஸ் ரிட்டர். 1930-களிலும் 40-களிலும் ஹாலிவுட்டின் 'பாடும் கௌபாய்' படங்கள் இவர்களை நம்பித்தான் ஓடின. கலிபோர்னியாவின் லோன் பைன் ஊர்ப் பக்கத்துப் பாறைக்குன்றுகளுக்கு நடுவே குதிரை போய்க்கொண்டிருக்கும். மேலே இருப்பவர் கிதாரை மீட்டிக்கொண்டே பாடுவார். குரல் நடுங்காது, மூச்சு வாங்காது, காற்றின் இரைச்சல் துளியும் கேட்காது. பார்க்க அவ்வளவு சுலபமாக இருக்கிற அந்தக் காட்சிக்குப் பின்னால், நொடியை இருபத்து நான்காகக் கூறுபோட்டுக் காவல் காத்த ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது.

முதலில், உண்மையாகவே குதிரை மேலிருந்து பாடிப் பதிவு செய்தால் என்ன ஆகும்? குதிரை துள்ளுநடை போடும்போது ஒவ்வொரு அடிக்கும் சவாரி செய்பவரின் வயிறு குலுங்கும். உதரவிதானம் அதோடு சேர்ந்து அசையும். நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் ஏறி இறங்கும். பிறகு சுருதி எப்படி நிற்கும்? மைக்கும் ஒத்துழைக்காது. அந்தக் கால ரிப்பன் மைக்கின் உள்ளே ஏறக்குறைய 2 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தகடு ஒன்று காந்தத்தின் நடுவே தொங்கும். வெட்டவெளிக் காற்று பட்டால் அது படபடத்துப் பாட்டையே விழுங்கிவிடும். கேமராவின் கடகட சத்தம் வேறு.

ஆகவே பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, நடிகரை அதனோடு சேர்ந்து பாட வைத்தார்கள். 1929-ல் எம்ஜிஎம் 'தி பிராட்வே மெலடி'யை எடுத்தபோது ஒரு நடனக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டி வந்தது. ஒலி நன்றாகத்தானே இருக்கிறது, படத்தை மட்டும் மீண்டும் எடுத்தால் போதும் என்றார் ஒலிப்பதிவாளர் டக்ளஸ் ஷியரர். அந்த யோசனைதான் இசைப்படங்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நம் ஊரில் 'நாகரா' என்ற டேப் ரெக்கார்டரைப் போட்டுப் பாட்டு எடுத்ததும் இதே முறைதான்.

சொல்வதற்கு எளிது. செய்வதில்தான் சிக்கல். கணக்கைப் பாருங்கள். 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24 ஃபிரேம். அதாவது நொடிக்கு 18 அங்குல பிலிம் ஓடுகிறது. ஒரு ஃபிரேமின் நேரம் சுமார் 42 மில்லிநொடி. மூன்று நிமிடப் பாட்டை ஒலிக்கவிடும் கருவி ஒரே ஒரு சதவீதம் மெதுவாகச் சுற்றினால், பாட்டு முடியும்போது 1.8 நொடி பிந்தியிருக்கும். அது 43 ஃபிரேம். பிழை ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும் கடைசி வரியில் நான்கு ஃபிரேம் விலகல் வந்துவிடும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு சதவீத வேக மாற்றத்தால் சுருதி இறங்குவது அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. படப்பிடிப்பில் நிற்கிற யார் காதுக்கும் அது உறைக்காது. உதடு மட்டும் காட்டிக் கொடுத்துவிடும்.

கருவியின் வேகத்தை அப்பழுக்கில்லாமல் நிலைநிறுத்துவது கடினம். அதைவிட நல்ல வழியை அவர்கள் பிடித்தார்கள்: கேமராவுக்கும் பாட்டை ஒலிக்கும் கருவிக்கும் ஒரே மின்சாரம். மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணுக்குப் பூட்டப்பட்ட சிங்க்ரனஸ் மோட்டார்கள் இரண்டிலும் இருக்கும். லாரியில் வந்த ஜெனரேட்டர் கொஞ்சம் தளர்ந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் தளரும். பாட்டின் ஒரு வரிக்கு எத்தனை ஃபிரேம் ஓட வேண்டுமோ அத்தனை ஃபிரேம் ஓடியே இருக்கும். பிறகு எடிட்டர் அசல் ஒலித்தடத்தைக் கொண்டுவந்து பொருத்தும்போது உதடும் குரலும் சேர்ந்துவிடும். வேகம் தவறலாம், விகிதம் தவறக்கூடாது. இந்த ஒரு உண்மையின் மேல்தான் அத்தனை பாட்டுக் காட்சிகளும் நிற்கின்றன.

வெட்டவெளியில் இன்னொரு வில்லன் காத்திருக்கும். தூரம். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு ஃபிரேம் நேரத்தில் அது கடப்பது வெறும் 14 மீட்டர். ஒலிபெருக்கியைக் கேமரா பக்கத்தில் வைத்துவிட்டு நடிகரை 30 மீட்டர் தள்ளிக் குதிரையில் நிறுத்தினால், பாட்டு அவர் காதுக்கு இரண்டு ஃபிரேம் தாமதமாகப் போய்ச் சேரும். அவர் தன் காதில் விழுந்ததற்குச் சரியாகத்தான் பாடுவார். ஆனால் படத்தில் உதடு இரண்டு ஃபிரேம் பிந்தியிருக்கும். நாம் பார்ப்பது குரல் முந்திக்கொண்ட காட்சி. காதும் கண்ணும் இதைத்தான் பொறுத்துக்கொள்ளாது. ஒலி 125 மில்லிநொடி வரை பிந்தினாலும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, 45 மில்லிநொடி முந்தினாலே உறுத்த ஆரம்பிக்கும். இடி எப்போதும் மின்னலுக்குப் பிறகுதான் கேட்கும் என்ற உலகத்தில் பழகியவை நம் புலன்கள்.

தூரம் மாறாமல் இருந்தால் எடிட்டர் ஒலித்தடத்தை இரண்டு ஃபிரேம் நகர்த்தி வைத்துவிடலாம். குதிரை கேமராவை நோக்கி வந்துகொண்டிருந்தால்? தொடக்கத்தில் இரண்டு ஃபிரேம் பிழை, முடிவில் பூஜ்யம். எங்கே நகர்த்தினாலும் ஒரு முனை இடறும். இதற்குச் சரியான மருந்து கேமரா கார். கேமராவையும் ஒலிபெருக்கியையும் ஒரே வண்டியில் ஏற்றி, குதிரைக்கு முன்னால் ஒரே இடைவெளியில் ஓட்டிக்கொண்டே போவது. குதிரையும் நாயகனும் நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்க, பின்னணி மட்டும் நழுவிப்போகும் அந்தப் பழகிய காட்சியமைப்பு அழகுக்காக மட்டும் வந்ததல்ல.

படம் கையில் வந்தபின் எடிட்டர் மூவியோலா என்ற படத்தொகுப்புக் கருவியில் தேடுவது உதடுகள் மூடும் எழுத்துகளை. ப, ம போன்ற ஒலிகளில் இரண்டு உதடும் முழுதாக ஒட்டும். அந்த ஒரு ஃபிரேமைப் பிடித்து, ஒலித்தடத்தில் அதே எழுத்து வெடிக்கும் இடத்தோடு சேர்க்க வேண்டும். உயிரெழுத்துகளை நம்பிச் சேர்த்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் திறந்த வாய் பல ஃபிரேம்களுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

நடிகரின் பங்கையும் குறைத்து எண்ணக்கூடாது. வெறுமனே வாயசைத்தால் கழுத்துத் தசை இறுகாது, மூச்செடுக்கும்போது தோள் எழாது. உரக்கப் பாட வேண்டும், அதுவும் வாரங்களுக்கு முன் ஒலிப்பதிவு அறையில் தான் எங்கே மூச்செடுத்தோமோ அங்கேயே எடுத்து. இடதுகை விரல்கள் சரியான நேரத்தில் சரியான கார்டுக்கு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற வேண்டும். ராய் ரோஜர்ஸுக்குக் கூடுதல் சோதனை, யோடலிங். குரல்நாண்கள் தடித்து முழுதாக அதிரும் மார்புக்குரலிலிருந்து, அவற்றின் விளிம்பு மட்டும் அதிரும் கள்ளக்குரலுக்கு ஒரே தாவல். 200 ஹெர்ட்ஸில் நின்ற குரல் சட்டென 333-க்குப் போகும். அந்த முறிவில் குரல்வளை துள்ளுவது கழுத்தில் தெரியும். ஆகவே யோடலில் பிசகை மறைக்க இடமே இல்லை. அவருடைய காட்சிகளில் தொண்டையைப் பாருங்கள், அந்தத் துல்லியம் பிரமிக்க வைக்கும்.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 1933-ல் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'யில் பாடும் கௌபாயாக வந்த ஜான் வெய்னுக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். குரலின் கனமும் உடம்பின் அசைவும் ஒட்டாமல் நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

குளம்படி ஓசை கடைசியில்தான் சேரும். இரண்டு கொட்டாங்கச்சிகளை மணல், சரளைப் பெட்டியில் தட்டி உண்டாக்குவது அந்நாளைய வழக்கம். குதிரை நடையில் நான்கு தட்டு, துள்ளுநடையில் இரண்டு.

1955-ல் வந்த 'ஓக்லஹோமா!' என்ற இசைப்படம் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்கியது. டாட்-ஏஓ 70 மி.மீ. முறை நொடிக்கு 30 ஃபிரேம். சாதாரணத் திரையரங்குகளுக்கான சினிமாஸ்கோப் பிரதிக்கு 24. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரதியெடுக்க அன்று வழியில்லாததால் படத்தை இரண்டு முறை எடுத்தார்கள். சோளக்காட்டின் நடுவே குதிரையில் பாடிவரும் கார்டன் மெக்ரே, ஒரே பாட்டுக்கு இரு கணக்கிலும் உதடு பொருத்தினார்.

பழைய படங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையாக இருந்த 'பால்' (PAL) முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். 24-ல் எடுத்த படத்தை அப்படியே ஓட்டினால் மூன்று நிமிடப் பாட்டு ஏழு நொடி முன்னதாக முடியும், குரல் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறிவிடும். உதடு பிசகாது, ஏனென்றால் படமும் ஒலியும் சேர்ந்தே வேகமெடுக்கின்றன. ஆனால் அது ஆட்ரியின் உண்மையான குரல் அல்ல. அதோடு, ஆட்ரி, ரோஜர்ஸ் படங்களை எடுத்த ரிபப்ளிக் நிறுவனத்தின் படங்கள் பல 1950-களில் தொலைக்காட்சிக்காக 54 நிமிடத்துக்கு வெட்டப்பட்டவை. வெட்டியதில் பாட்டுகளும் போயின. வாங்குமுன் படத்தின் நீளத்தைப் பாருங்கள். 54 நிமிடம் என்றிருந்தால் வேறு பிரதி தேடுங்கள்.