புதிய பாய், பழைய எஃகு: சீரமைத்த படகின் முதல் பந்தயம்

பழைய பாய்மரப் படகைச் சீரமைத்து முடித்தவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அடுத்த மாத ரெகாட்டாவில், அதாவது பாய்மரப் படகுப் பந்தயத்தில், இறங்கலாமா?" பாய்மரத்தையும் அதைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கம்பிவடங்களையும் சோதித்து மாற்றிக் கட்டுவது என் தொழில். படகு பார்வைக்குப் புதிதாகிவிட்டது என்பதை வைத்து அது பந்தயச் சுமையைத் தாங்கும் என்று முடிவு செய்யக்கூடாது என்பதை, நான் நேரில் கண்ட ஒரு நிகழ்வைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

அது 1980களில் கட்டப்பட்ட, 34 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் சகோதரர்கள் இருவர் அதை வாங்கி, இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளை எல்லாம் அதற்கே கொடுத்து, உடலைத் தேய்த்து வண்ணம் பூசி, இயந்திரத்தைப் பிரித்துச் சேர்த்து, உள்ளறைப் பலகைகளுக்கு ஏழு பூச்சு வார்னிஷ் அடித்திருந்தார்கள். பாய்கள் புதியவை, பாயை ஏற்றும் கயிறுகளும் நீளாத டைனீமா இழையால் ஆனவை. கம்பிவடங்களை நான் மாற்றிக் கொடுத்தேன். அவை படகின் உடலோடு சேரும் இடத்திலுள்ள செயின்பிளேட் என்னும் எஃகுத் தகடுகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு வார்னிஷ் பலகைகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. பந்தயத்துக்கோ இரண்டே வாரம். "பந்தயம் முடிந்ததும் கழற்றிவிடலாம், அண்ணே" என்றார் இளையவர். வெளியே தெரிந்த பகுதி பளபளவென்று இருந்தது. நானும் ஒப்புக்கொண்டேன். அது தவறு.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு காலை, சாங்கிக்கு அப்பால் பந்தயம் தொடங்கியபோது காற்று எட்டு நாட் (மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டவில்லை. நானும் படகில் இருந்தேன். நீரோட்டத்தைச் சரியாகக் கணித்து மூத்தவர் படகைச் செலுத்தியதால் முதல் மிதவையை மூன்றாவதாகச் சுற்றினோம். அந்த மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. பதினொரு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. சுமத்ரா சூறைக்காற்றின் விளிம்பு எங்களைத் தொட்டபோது காற்று இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. துப்பாக்கி வெடித்ததுபோல ஓர் ஓசை. இடப்பக்கத்துக் கீழ்க் கம்பிவடம் தன் செயின்பிளேட்டின் பாதியோடு மேல்தளத்துக்கு மேலே ஆட, பாய்மரம் நடுவில் வில்லாக வளைந்தது. மூத்தவர் யாரையும் கேட்காமல் படகைத் திருப்பிக் காற்றை வலப்பக்கத்துக்கு மாற்றினார், சுமை மறுபக்கக் கம்பிவடங்களுக்குப் போனது, பாய்மரம் தப்பியது.

உடைந்த தகட்டின் முகப்பை அன்று மாலை உருப்பெருக்கியில் பார்த்தேன். குறுக்குவெட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு பழுப்பேறியிருந்தது. கால் பங்கு மட்டுமே புதிதாக முறிந்த வெண்மை. முக்கால் பங்கு விரிசல் பல ஆண்டுகளாக அங்கே இருந்திருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்னும் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து மெல்லிய காப்புப் படலமாவதால்தான் அது துருவேறாமல் இருக்கிறது. செயின்பிளேட் மேல்தளத்தை ஊடுருவும் இடத்தில், அடைப்புப் பசைக்குள் உப்புநீர் தேங்கி உயிர்வளி கிடைக்காமல் போகும்போது, அந்தப் படலம் சிதைந்து இடுக்கு அரிப்பு தொடங்குகிறது. மேலே பளபளப்பு, கீழே பளபளப்பு, நடுவில் ஒன்றரை அங்குலம் மட்டும் யார் கண்ணுக்கும் படாமல் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வெப்பமான கடல்நீர் இந்த அரிப்பை விரைவுபடுத்தும். நம் கடல் ஆண்டு முழுவதும் வெப்பமானது.

இந்த நிலையை மோசமாக்குவது சீரமைப்பேதான் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. பழைய பாலியெஸ்டர் கயிறும் தளர்ந்த பாயும் திடீர்க் காற்றில் சற்று நீண்டு கொடுத்து அதிர்ச்சியை உள்வாங்கின. நீளாத கயிறும் விறைப்பான புதிய பாயும் அந்த அடியை அப்படியே பழைய உலோகத்திடம் ஒப்படைக்கின்றன. காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகும். உல்லாசப் பயணத்தில் படகு சாய்ந்து அதில் ஒரு பகுதியைத் தவிர்த்துவிடும். பந்தயத்திலோ ஏழெட்டுப் பேர் காற்று வரும் விளிம்பில் அமர்ந்து படகைச் சாயவிடாமல் பிடிப்பதால், அந்த விசை கம்பிவடத்தில்தான் இறங்க வேண்டும். நாற்பது வயதுப் படகு தன் வாழ்நாளில் காணாத சுமையை முதல் பந்தயத்திலேயே காணக்கூடும்.

சிங்கப்பூரில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் வரும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. காலைப் பந்தயத்தில் இறங்குபவர் இதை விதிவிலக்காகக் கருத முடியாது.

ஆகவே முதல் பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு செயின்பிளேட்டையும் கழற்றுங்கள். சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெண்பொடி தெளிக்கும் சோதனையில் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து வரும், அதற்குப் பெருஞ்செலவில்லை. உள்ளறைப் பலகையில் தேநீர் நிறக் கறை வழிந்திருந்தால் சோதனைக்குக்கூடக் காத்திராமல் தகட்டை மாற்றுங்கள். கம்பிவடங்களின் வயது தெரியாவிட்டால் அவற்றையும் மாற்றுங்கள். புதிய கம்பிவடம் முதல் சில ஓட்டங்களில் சற்று நீளும் என்பதால், 15 நாட் காற்றில் ஒருமுறையாவது ஓட்டி, மீண்டும் இறுக்கிய பிறகே பந்தயத்தில் இறங்குங்கள்.

படகின் அடியில் கனமாகப் பொருந்தி அதைக் கவிழாமல் காக்கும் கீலையும் (மரக்கலத் தச்சர்கள் ஏரா என்றழைப்பது) விட்டுவிடாதீர்கள். 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ராஃபிக்கி என்னும் பந்தயப் படகு, அட்லாண்டிக் நடுவே கீலை இழந்து கவிழ்ந்ததில் நால்வர் மாண்டனர். முன்பு தரைதட்டியதும் அதன்பின் நடந்த பழுதுபார்ப்பும் சேர்ந்து இணைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது விசாரணை. கீலும் உடலும் சேரும் இடத்தில் புதிய வண்ணத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் படகை நீரிலிருந்து தூக்கிப் பாருங்கள்.

பந்தயத்தின் நடுவே கம்பிவடம் அறுந்தால் உடனே காற்றை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். பிறகு பாயைத் தளர்த்தி, மிச்சமிருக்கும் ஏற்றுகயிறு ஒன்றை அறுந்த பக்கத்து விளிம்பில் கட்டி இறுக்குங்கள். யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்பதைக் கரையிலேயே பேசி வைத்திருந்தால்தான் இது அந்தச் சில நொடிகளில் நடக்கும். பந்தயத்தில் இறங்குவதா, தொடர்வதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு அந்தந்தப் படகுக்கு மட்டுமே உரியது என்று பன்னாட்டுப் பந்தய விதிகள் சொல்கின்றன. மேற்கு கறுத்ததுமே விலகியிருந்தால் எங்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுவாரம் மீதமிருந்த ஐந்து செயின்பிளேட்டுகளையும் கழற்றினோம். இரண்டில் அதே இடத்தில் விரிசல் இருந்தது. வார்னிஷ் பலகைகளைப் பிரித்துத் தகடுகளை வெளியே எடுக்க எங்களுக்கு ஒன்றரை நாள்தான் ஆயிற்று.