புதுப் படிப்புக்கு அரசு நிதி: கட்டடம் கிடைக்கும், ஆசிரியர் கிடைப்பாரா?

மாவட்டத் தலைநகரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு முதுநிலைப் படிப்பு வரப்போகிறது என்று செய்தி வரும். ஊரில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சேர்க்கை அறிவிப்பு வெளியாகும்போது அடியில் சின்ன எழுத்தில் 'சுயநிதிப் பிரிவு' என்று இருக்கும். பக்கத்துத் துறையில் படிக்கிற பிள்ளை கட்டுவதைவிடக் கட்டணமும் அதிகமாக இருக்கும். பல்கலைக்கழகமே அரசுடையதாக இருக்க, இந்தப் படிப்பு மட்டும் ஏன் சுயநிதி? அரசுப் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

முதலில் பல்கலைக்கழகத்துக்கு உள்ளே நடக்க வேண்டியவை. பாடத்திட்டக் குழு பாடங்களை வகுக்கும். கல்விக்குழு ஒப்புதல் தரும். நிதிக்குழு செலவைப் பார்க்கும். சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு தீர்மானம் போடும். அந்த ஆட்சிக்குழுவில் உயர்கல்வித்துறைச் செயலரும் பதவிவழி உறுப்பினராக இருப்பார். பணம் தர வேண்டிய துறையின் ஆளே அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதால், நிதி பற்றிய குறிப்பு வெறும் சடங்காக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டத்தின் பெயரையும் அவசரத்தில் வைத்துவிடக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம், 1956இன் 22ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பட்டங்களைத்தான் வழங்க முடியும். பட்டம் பட்டியலில் இருந்தாலும், பாடத்தின் பெயர் புதுமையாக இருந்தால் வேறு தலைவலி காத்திருக்கிறது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'இந்தப் படிப்பு அந்தப் படிப்புக்கு இணையானதா?' என்ற கேள்வி எழும். இணை என்று அரசாணை வரும்வரை முதல் அணி மாணவர்கள் அலைவார்கள். கவர்ச்சியான பெயர் வைக்கும் ஆசைக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

தொழில்நுட்பப் படிப்பு என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் முன்அனுமதி வேண்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே நடத்தும் படிப்புக்கு அது கட்டாயமில்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தக் குழு வகுத்த தரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். சட்டம், மருந்தியல், ஆசிரியர் கல்வி போன்றவற்றுக்கு அந்தந்த ஒழுங்குமுறை அமைப்புகளின் அங்கீகாரம் தனியே தேவை.

இனிப் பணத்துக்கு வருவோம்.

1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கல்வி, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. அதனால் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பணப்பைகள். மாநில அரசின் மானியம் ஒன்று, ஒன்றிய அரசின் உதவி இன்னொன்று. இரண்டாவதைத் தொட வேண்டுமானால் யுஜிசி சட்டத்தின் 12பி பிரிவில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 1972 ஜூன் 17க்குப் பிறகு தொடங்கிய பல்கலைக்கழகங்களுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966இல் பிறந்தது, எனவே அதற்குச் சிக்கல் இல்லை. 1982இல் வந்த பாரதியார், 1990இல் வந்த மனோன்மணியம் சுந்தரனார், 1997இல் வந்த பெரியார் போன்றவை இந்த விதிக்குள் வருபவை. அதே சட்டத்தின் 2(எஃப்) பிரிவுப் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று சிலர் குழப்பிக்கொள்வார்கள். அது பட்டம் வழங்கும் நிறுவனம் என்ற அங்கீகாரம் மட்டுமே. காசு வேண்டுமென்றால் 12பி.

முன்பெல்லாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் யுஜிசியே வளர்ச்சி மானியம் கொடுத்தது. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததோடு அந்த ஏற்பாடும் போயிற்று. அதன் பிறகு பெரிய தொகை வரும் வழி, மாநில உயர்கல்விக்கு உதவ ஒன்றிய அரசு 2013இல் தொடங்கிய ரூசா திட்டமும் 2023இல் அதற்குப் பதிலாக வந்த பிஎம்-உஷா திட்டமும்தான். பிஎம்-உஷாவுக்கு 2023-24 முதல் 2025-26 வரை ஒதுக்கிய தொகை சுமார் 12,926 கோடி ரூபாய். இதில் பன்முகக் கல்வி, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாகத் தேர்வானால் 100 கோடி. பல்கலைக்கழகத்தை வலுப்படுத்தும் மானியம் என்றால் 20 கோடி. கல்லூரிகளுக்கு 5 கோடி.

இதை 'மத்திய அரசுப் பணம்' என்று பேசுவது பாதி உண்மைதான். தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குப் பங்கு 60:40. இருபது கோடியில் பன்னிரண்டு கோடி டெல்லியிலிருந்து வரும், எட்டு கோடியை மாநில நிதித்துறை எடுத்துவைக்க வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. பல்கலைக்கழகம் நேரடியாக டெல்லிக்குக் கடிதம் எழுதி இதை வாங்க முடியாது. மாநில அரசு வழியாகத்தான் முன்மொழிவு போகும். அதற்கும் முன்னால் மாநில அரசு ஒன்றியக் கல்வி அமைச்சகத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ நடைமுறைப்படுத்தும் உறுதிமொழி அதில் இருக்கிறது. சில மாநிலங்கள் கையெழுத்திடத் தயங்கியதற்கு அதுவே காரணம். அந்த அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். துறைத்தலைவர் எவ்வளவு நல்ல முன்மொழிவு எழுதினாலும் இந்தக் கையெழுத்து இல்லாமல் அது நகராது.

சரி, இருபது கோடி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் கட்டடம் எழுப்பலாம், பழையதைப் புதுப்பிக்கலாம், கருவிகள் வாங்கலாம். நிரந்தர ஆசிரியருக்கு ஆயுள் முழுக்கச் சம்பளம் கொடுக்க முடியாது. புதுப் படிப்புகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு துறைக்கு ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர், நான்கு உதவிப் பேராசிரியர் என்பது வழக்கமான அமைப்பு. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டிய யுஜிசி ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படை ஊதியம் முறையே 1,44,200, 1,31,400, 57,700 ரூபாய். ஏழு பேருக்கும் சேர்த்து மாதம் 6,37,800. ஆண்டுக்கு 76 லட்சத்து 53 ஆயிரத்து 600. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஆண்டு ஊதிய உயர்வு, ஓய்வூதியச் சுமை எதுவும் இதில் சேரவில்லை. கட்டடம் ஒருமுறைச் செலவு, இது முப்பது ஆண்டுச் செலவு. நிதித்துறை தயங்குவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். அதை வெறும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பணியிடங்களை உருவாக்க அரசாணை வேண்டும், அதற்கு நிதித்துறை இசைவு வேண்டும். இசைவு வராதபோது பல்கலைக்கழகம் என்ன செய்கிறது? கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பைத் தொடங்கிவிடுகிறது. அவர்கள் சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்து வர வேண்டும். ஆக, 'சுயநிதிப் பிரிவு'.

எனவே முன்மொழிவு எழுதுகிறவர் முதல் பக்கத்திலேயே பணியிடத்தைப் பேசுவது நல்லது. எல்லா ஏழு பேரையும் புதிதாகக் கேட்டால் கோப்பு தூங்கும். ஆள் சேராத பழைய படிப்பு ஒன்றில் காலியாகக் கிடக்கும் இரண்டு பணியிடங்களை மாற்றிக்கொள்கிறோம், புதிதாக மூன்று மட்டும் போதும் என்று எழுதினால் விவாதத்துக்காவது எடுப்பார்கள். பழைய துறைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், அது வேறு கதை. ஆனால் அந்தச் சண்டையை வளாகத்துக்குள் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போவது மேல்.

காலமும் முக்கியம். தமிழ்நாடு பட்ஜெட்டில் ஏற்கெனவே நடப்பவை பகுதி 1, புதுச் செலவினங்கள் பகுதி 2 என்று பிரிப்பார்கள். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். துறைகள் புதுத் திட்டங்களை அதற்குப் பல மாதங்கள் முன்பே அனுப்பிவிடும். ஜனவரியில் கோப்போடு தலைமைச் செயலகம் போகிறவரிடம் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்கள். அதைப் பகை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, உண்மையிலேயே பகுதி 2 பட்டியல் மூடியிருக்கும்.

பணம் வந்த பிறகு, அதை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் இதற்குப் படிவம் 12ஏ இருக்கிறது. முதல் தவணைக்கு இது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. மாநில மானியத்திலும் இதே கதைதான். பல்கலைக்கழகக் கணக்கைப் பார்க்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஆட்சேபணைகள் குவிந்து, பதில் சொல்லாமல் கிடந்தால் மானியத்தை நிறுத்திவைப்பார்கள். பழைய கணக்கு முடியாத பல்கலைக்கழகம் புதுப் படிப்புக்குப் பணம் கேட்டுப் போனால் முதல் கேள்வி எதைப் பற்றி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியில் இருக்கும் நாமும் இதையெல்லாம் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். 'முழு விவரம் தருக' என்று கேட்காதீர்கள், பதில் வராது. ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகல், அரசுக்கு அனுப்பிய முன்மொழிவின் நகல், அதன் தற்போதைய நிலை, ஆசிரியர் பணியிடங்களை அனுமதித்த அரசாணையின் எண், தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'அவ்வாறான அரசாணை ஏதுமில்லை' என்று பதில் வந்தால், சேர்க்கை அறிவிப்பின் அடியில் அந்தச் சின்ன எழுத்து வரும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.