யோம்: நாளா, யுகமா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சிங்கப்பூர் தேக்காவில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, ஆறு நாளில் படைப்பு என்றால் 144 மணி நேரமா?"

படைப்பைச் சொல்லும் வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் நாம் 'நாள்' என்று படிக்கும் சொல் எபிரேயத்தில் யோம். வாட்டர்லூ ஸ்திரீட் யூத ஆலயத்தில் அனுசரிக்கிற யோம் கிப்பூரில் (பாவநிவாரண நாள்) இருப்பதும் அதுதான், அரபியில் யவ்ம்.

வேடிக்கை என்னவென்றால், 1:5லேயே இந்தச் சொல் இரண்டு அளவில் வருகிறது. தேவன் வெளிச்சத்துக்கு யோம் என்று பேரிட்டார், அதாவது இங்கே நமக்குக் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. அப்புறம் சாயங்காலமும் விடியற்காலமுமாகி ஒரு யோம், இதில் இரவும் சேர்ந்துவிடுகிறது. (யூதருக்கு நாள் பொழுது சாய்ந்ததும் தொடங்கும், அதனால்தான் சாயங்காலம் முந்திக்கொள்கிறது.) தமிழ் வேதாகமம் ஒன்றைப் பகல், மற்றதை நாள் என்று பிரித்துவிட்டதால் இது நம் கண்ணில் படுவதில்லை. 2:4க்கு வந்தால் 'உண்டாக்கின நாளில்' என்று ஆறு நாள் வேலையும் ஒரே யோமுக்குள் அடங்கிவிடுகிறது!

24 மணி நேரம் என்பவர்கள் முதலாம், இரண்டாம் என்ற வரிசை எண்ணையும் சாயங்காலம் விடியற்காலத்தையும் யாத்திராகமம் 20:11இன் ஓய்வுநாள் கட்டளையையும் காட்டுவார்கள், அது வலுவான வாதம்தான். நீண்ட காலம் என்பவர்களோ சூரியனே நான்காம் நாளில்தானே வந்தது, ஏழாம் நாளுக்குச் சாயங்காலமே சொல்லவில்லையே என்பார்கள். இது அறிவியலுக்குப் பயந்து வந்த கேள்வி என்று நினைக்க வேண்டாம். 1,600 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபை அறிஞர் அகஸ்டீன், எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன, ஆறு நாள் என்பது கால அளவு அல்ல என்று எழுதிவிட்டார்.

சரி, தமிழில் எது பொருந்தும்? யுகம் என்று போட்டிருக்கலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அது மொழிபெயர்ப்பு இல்லை, தீர்ப்பு. தினம் வடசொல். திவசம் என்றால் இன்று நமக்கு நினைவுக்கு வருவது திதிதான். நாள் என்பதே சரி, ஏனென்றால் அதுவும் யோம் மாதிரியே நீண்டு சுருங்கும். மதுரைக்காஞ்சியில் பகல் சந்தை நாளங்காடி, இரவுச் சந்தை அல்லங்காடி (நம்மூர் பாசார் மாலாம்!), அங்கே நாள் என்றால் பகல். ஒரு வாரத்துக்கு ஏழு நாள் என்றால் இரவும் சேர்த்தி. "அந்த நாளில் சிராங்கூன் ரோட்டில் மாட்டு வியாபாரம் நடந்தது" என்று ஒரு தாத்தா சொன்னால் எந்தத் தேதி என்று யாரும் கேட்பதில்லை.

பகலும் சும்மா வந்த சொல் இல்லை. பகு என்ற வேரிலிருந்து வந்தது, பகுத்தல் என்றால் பிரித்தல். 1:4இல் தேவன் வெளிச்சத்தையும் இருளையும் 'வெவ்வேறாகப் பிரித்தார்', அடுத்த வசனத்திலேயே வெளிச்சத்துக்குப் பெயர் பகல். மொழிபெயர்த்தவர் தெரிந்து வைத்தாரோ, தானாக அமைந்ததோ, எபிரேயத்தில்கூட இந்தப் பொருத்தம் இல்லை.