மனு கொடுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இன்னொருவர் வந்துவிட்டார். மொரிஷியஸின் ரோஸ்ஹில் ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டால் மனு ஒன்றை நீட்டுகிறார். தேசிய உணவு வழிகாட்டியிலிருந்து சோற்றையும் ரொட்டியையும் நீக்கச் சொல்லி, தொகுதியின் மூன்று எம்.பி.க்களுக்கும் எழுதியது. நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாத்திரை? “நிறுத்திட்டேன் டாக்டர், சோறு, ரொட்டி சாப்பிடச் சொன்ன வழிகாட்டியே தப்புன்னு அமெரிக்காவிலேயே ஒத்துக்கிட்டாங்க.” (நான் டாக்டர் இல்லை, உணவியல் ஆலோசகர். அதையும் யாரும் கேட்பதில்லை.)

அமெரிக்காவில் நடந்தது வேறு. 1977 தொடக்கத்தில் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்னின் குழு, மக்களுக்கான உணவுப் பரிந்துரையில் இறைச்சியைக் குறையுங்கள் என்று எழுதியது. கால்நடைப் பண்ணையாளர்கள் கொதித்தார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த இரண்டாம் பதிப்பில் அது, நிறைவுற்ற கொழுப்பு (கொலஸ்ட்ராலை ஏற்றும் கொழுப்பு) குறையும்படி இறைச்சியைத் தேர்ந்தெடுங்கள் என்று மாறிவிட்டது. 2015ல் வேறு தரப்பினர் நெருக்க, அந்நாட்டு நாடாளுமன்றம் 10 லட்சம் டாலர் ஒதுக்கி, வழிகாட்டி தயாராகும் முறையை ஆராயச் சொன்னது. 2017ல் வந்த அறிக்கைகள் அந்த முறையைத்தான் சீர்செய்யச் சொல்லின. சோறு விஷம் என்று சொல்லவில்லை. வழிகாட்டியைத் திருத்தும் வேலையை எம்.பி.க்களிடம் கொடுத்தால் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கப்போவது யார்? கரும்பு விளையும் தீவில் இதை நான் சொல்ல வேண்டுமா?

எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று: “வழிகாட்டிப்படி சாப்பிட்டுத்தான் சர்க்கரை வந்தது.” சாமி, நம்மில் யார் வழிகாட்டிப்படி சாப்பிட்டோம்? காலையில் வெள்ளை ரொட்டியும் மூன்று ஸ்பூன் சீனி போட்ட டீயும். மத்தியானம் ஒரு ஜோடி தால்பூரி (பருப்பு வைத்த மைதா ரொட்டி), கூடவே கோலா. மாலையில் எண்ணெயில் பொரித்த காத்தோ பிமா (மிளகாய் போட்ட பருப்பு வடை). ராத்திரி தட்டு நிறையச் சோறு. எந்த வழிகாட்டி இப்படிச் சொன்னது? அது சீனியைக் குறை, காய்கறியைக் கூட்டு, பருப்பு சாப்பிடு என்கிறது. தைப்பூச விரதத்தில் நாம் சாப்பிடுவது அதற்கு எவ்வளவோ பக்கம். விரதம் முடிந்த மறுநாள் எல்லாம் போச்சு. படிக்காத புத்தகத்தின் மேல் பழி போடாதீர்கள்.

எம்.பி.யைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1987ல் மொரிஷியஸ் அரசு மலிவு விலை எண்ணெயில், நிறைவுற்ற கொழுப்பு அதிகமுள்ள பாமாயிலின் இடத்தில் பெரும்பாலும் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. ஐந்து வருடத்தில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியது. மற்ற மாற்றங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எண்ணெயின் பங்கு பெரியது. வீடு வீடாகப் போய் யாரும் பாடம் நடத்தவில்லை. 2013லிருந்து இனிப்புப் பானங்களுக்குச் சர்க்கரையின் கிராம் கணக்கில் வரி இருக்கிறது. அதைக் கூட்டக் கேளுங்கள். பள்ளிக் கேன்டீனில் என்ன விற்கிறார்கள் என்று கேளுங்கள். எம்.பி. கையில் இருப்பது இவைதான்.

சரி, இப்போது உங்கள் கையில் இருப்பது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகச் சோற்றை அடியோடு வெட்டவே கூடாது, ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். எம்பாகிளிஃப்ளோசின் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை) எடுப்பவர்கள் அப்படி வெட்டினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும் ஆபத்து வேறு. சோற்றைக் குறைக்க ஆசையா? நல்லது, தயவுசெய்து முதலில் எங்களிடம் வாருங்கள், மருந்தளவோடு சேர்த்துக் குறைப்போம். சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் நான்கு டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள், மனுவில் என்ன எழுதியிருந்தாலும் சரி.