தேர்வுக் கடிதம் அழைப்பிதழ் அல்ல

போன வாரமும் ஒரு குழு வந்தது. கோவைப் பிள்ளைகள், ஐந்து பேர். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் இசை விழாவுக்குத் தேர்வான மின்னஞ்சலை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். டிரம்மரின் அம்மா வளையல்களை அடகு வைத்தாயிற்று. பணம் திரும்பாத விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அதன் பிறகுதான் என்னிடம் ஆலோசனை. இசைக்குழுக்களின் பயணக் கணக்கைப் பார்ப்பது என் தொழில். இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது குழு இது.

தம்பிகளே, தங்கைகளே, தேர்வு என்றால் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள் அல்ல. நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டால் முன்பணம், வண்டி, சாப்பாடு எல்லாம் உண்டு. அந்தப் பழக்கத்தில் இதையும் கச்சேரி என்று நினைத்துவிடுகிறீர்கள். இது சந்தை. கடை போட இடம் தருகிறார்கள், சரக்கும் செலவும் உங்களுடையவை. ஆஸ்டினில் அமெரிக்கக் குழுவுக்கே 250 டாலர்தான் கொடுத்துவந்தார்கள். இசைக்கலைஞர்கள் போராடிய பிறகு 2024இல் அது 350 ஆனது. வெளிநாட்டுக் குழுக்களுக்கு நெடுங்காலம் பணமே கிடையாது, விழாவுக்குள் நுழையும் கைப்பட்டை மட்டும்தான். ஐந்து பேரின் விமானக் கட்டணத்தை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

“யாராவது பெரிய ஆள் கேட்டுவிட்டால் போதும், அண்ணா” என்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இங்கிலாந்தின் பிரைட்டனில் மே மாதம் நடக்கும் தி கிரேட் எஸ்கேப் இசை விழாவுக்கு ஒரு குழுவோடு போயிருந்தேன். மதுக்கூடத்தின் மாடி, பகல் ஒன்றரை மணி, முப்பது நிமிட மேடை. முழு ஒலிச் சோதனை கிடையாது, கருவிகள் ஒலிக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார்கள். தலைகளை எண்ணினேன். பதினாறு. அதில் ஒன்பது பேர் அடுத்து மேடையேற வேண்டியவர்கள். வாய்ப்புக் கொடுக்கக்கூடிய இசைத் தொழில்துறையினர் என்று காட்டும் அட்டை கழுத்தில் தொங்கியவர்கள் இருவர். ஒருவர் இரண்டாம் பாட்டிலேயே கிளம்பிவிட்டார். மற்றவர் கடைசிவரை நின்றார். அவருக்கு எங்கள் பாடகி பிப்ரவரியிலிருந்தே பாடல்களை அனுப்பி, கடிதம் எழுதி, வருவதாக ஒப்புதலும் வாங்கியிருந்தாள். பிறகு கிடைத்த ஆறு நிகழ்ச்சிகளும் அவர் வழியாகவே வந்தன. தற்செயலாக எட்டிப்பார்த்து வாய்ப்புக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. அந்த ஊரில் அந்த நாட்களில் நானூறுக்கும் மேற்பட்ட குழுக்கள் வாசிக்கின்றன. அட்டைக்காரர்கள் எங்கே போவது என்று வீட்டிலேயே குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

விசா விவரத்தை வழக்கறிஞரிடம் கேளுங்கள். “சம்பளம் இல்லாமல்தானே வாசிக்கிறோம்” என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 2017 மார்ச்சில் ஆஸ்டினில் வாசிக்கக் கிளம்பிய சோவியத் சோவியத் என்ற இத்தாலியக் குழுவை சியாட்டிலில் இறங்கியதுமே தடுத்து, ஓர் இரவு காவலில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பிரைட்டனுக்கு வாங்கிய விசாவைக் காட்டி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடக்கும் ரீப்பர்பான் இசை விழாவுக்குப் போகவும் முடியாது. அதற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா தனியாக வேண்டும், அதுவரை பாஸ்போர்ட் தூதரகத்தில் கிடக்கும்.

ரத்தானால் பணம் திரும்பும் டிக்கெட்டையே எடுங்கள். 2020இல் ஆஸ்டின் விழாவை ரத்து செய்தபோது தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. சிம்பல், ஸ்னேர், பெடல் உங்களுடையதாக இருக்கட்டும், மேடையில் இருப்பது பொது டிரம் செட். விலையுயர்ந்த கருவிக்குப் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பி வரும்போது சொந்தக் கித்தாருக்கு வரி கேட்டால் என்னைக் கூப்பிட்டு அழாதீர்கள்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆல்பம் வெளியாகி, அந்த நாட்டில் உங்களைக் கேட்பவர்கள் கொஞ்சமாவது இருந்து, அதே பயணத்தில் காசு தரும் இரண்டு மேடைகளும் அமைந்தால் நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். இல்லையென்றால் அந்தப் பணத்தில் பெங்களூரு, கொச்சி, புனே என்று ஒரு சுற்று போய்வாருங்கள்.

வீட்டு நகையில் மட்டும் கைவைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டிக்கெட் எடுக்கும் முன், உங்களைப் பார்க்க வருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட மூன்று பேரின் பெயரை எனக்கு அனுப்புங்கள். அதன் பிறகு பேசுவோம்.