பக்கவாதமா, மூளைத்தாக்கா?

“அப்பாவுக்கு வாதம் அடிச்சிருச்சு.” “ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு.” “கை கால் விழுந்துருச்சு.” மீட்புப் பயிற்சிக்கு ஒருவரை அழைத்து வரும் குடும்பத்தார் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் மருத்துவமனைத் தாளில் ஸ்ட்ரோக் என்றோ, பழைய வழக்கப்படி சி.வி.ஏ. (செரிப்ரோவாஸ்குலர் ஆக்ஸிடென்ட், அதாவது மூளை இரத்தக் குழாய் விபத்து) என்றோ இருக்கும். செய்தித்தாளில் அது பக்கவாதம். இலங்கைத் தமிழில் பாரிசவாதம். ஒரு நோய்க்குப் பல பெயர் இருப்பது புதிதல்ல. ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாம் உடம்பில் ஒரே இடத்தைச் சுட்டவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பக்கவாதம் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பக்கம் என்பதை வடமொழி ‘பக்ஷ’ என்பதோடு இணைப்பவர்கள் உண்டு. ‘பகு’ என்ற தமிழ் வேரிலிருந்தே கிளைத்தது என்பாரும் உண்டு. பாரிசவாதத்தில் உள்ள ‘பாரிசம்’ வடமொழி ‘பார்ஶ்வ’ என்பதன் தமிழ் வடிவம். அதற்கும் பக்கம், விலா என்றுதான் பொருள். இரண்டிலும் பொதுவாக நிற்கும் வாதம், காற்று. வாதாடுதலில் உள்ள வாதம் வேறு சொல். வடமொழியில் ஒலி வேறுபடும் அந்த இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. காற்றைக் குறிக்கும் நம் சொல் வளி. “மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று” என்று குறள் சொல்லும் மூன்றில் முதலாவது அதுதான்.

உடம்பில் அசைவைத் தருவது காற்று, காற்று கெட்டால் அசைவு கெடும் என்பது பழைய மருத்துவத்தின் கணக்கு. மூளையைத் திறந்து பார்க்க வழியில்லாத காலத்தில் இது கவனமான கணக்குதான். ஆனால் அதே கணக்கின்படி அசைவு கெட்ட நோய்களெல்லாம் வாதம் என்ற ஒரே வீட்டில் குடியேறின. கீல்வாதமும் முடக்குவாதமும் மூட்டு நோய்கள். இளம்பிள்ளைவாதம் வைரஸால் வருவது. முகவாதம் முக நரம்பின் சிக்கல். பக்கவாதமோ மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ நேர்வது. ஐந்துக்கும் கடைசிச் சொல் ஒன்றுதான் என்பதால், மூட்டுவலிக்குக் காட்டும் நிதானத்தையே இதற்கும் காட்டிவிடுகிறோம். “வாதம்தானே, கொஞ்சம் ஓய்வெடுத்தா சரியாயிடும்” என்ற பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

ஏனென்றால் இங்கே நிதானத்துக்கு இடமில்லை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு. குழாயை அடைக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்பதை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது; 2008இல் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. குழாய்க்குள் கம்பி செலுத்திக் கட்டியை நேரடியாக எடுக்கும் முறை 2015இல் உறுதிப்பட்டது. 2018 முதல், தேர்ந்தெடுத்த சிலருக்கு அதை 24 மணி நேரம் வரை செய்ய முடிகிறது. முகம் கோணினாலோ, தூக்கிய கை தானாகத் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஆனால் பக்கவாதம் என்ற பெயரில் மூளையும் இல்லை, அவசரமும் இல்லை. மாரடைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்: எந்த இடம், என்ன கோளாறு என்று இரண்டையும் அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டவர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

ஸ்ட்ரோக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடி, வீச்சு என்று பொருள். ஆங்கிலேயர் முதலில் இதைக் கடவுளின் கை அடித்த அடி என்றே சொன்னார்கள். அவர்களுக்கு முன்பே கிரேக்கர் ‘அப்போப்ளெக்ஸியா’ என்றனர். அடித்து வீழ்த்துவது என்று அதற்குப் பொருள். நம் பக்கம் வந்தால், ஆயுர்வேதப் பெயரான ‘பக்ஷாகாத’ என்பதில் உள்ள ‘ஆகாத’ என்பதும் அடிதான். ‘பக்ஷ’ என்பதற்குச் சிறகு என்ற பொருளும் உண்டு. ஒற்றைச் சிறகில் அடிபட்ட பறவையை நினைத்தால் இந்தப் பெயர் மனத்தை விட்டுப் போகாது. இதையெல்லாம் படிக்காத ஒருவர் “வாதம் அடிச்சிருச்சு” என்கிறாரே, அந்த ‘அடிச்சிருச்சு’வில் ஸ்ட்ரோக்கின் முழுப் பொருளும் இருக்கிறது. நின்றுகொண்டிருந்தவர் சட்டென்று விழுந்ததைப் பார்த்த எல்லா மொழிக்காரருக்கும் அடி என்ற சொல்தான் வாயில் வந்திருக்கிறது.

அடி எங்கே விழுகிறது என்பது தெரிய வெகு காலம் ஆயிற்று. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர், இப்படி இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிந்திருந்ததை 1658இல் நூலாக எழுதினார். அதற்குப் பிறகும் வகைப்பாடு மெதுவாகத்தான் மாறியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், பத்தாம் பதிப்பில்கூட இது இரத்த ஓட்ட நோய்களோடு இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில் அது நரம்பு மண்டல நோய்களுக்குள் இருக்கிறது.

எனவே தமிழ்ப் பெயரிலும் மூளை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூளை அடைப்பு என்றால் இரத்தக் கசிவு விடுபட்டுப்போகும். மூளைவாதம் என்றால், குழந்தைகளுக்கு வரும் வேறொரு நிலைக்கு வழங்கும் பெருமூளை வாதத்தோடு குழம்பும். மூளைத் தாக்கம் என்பது விளைவைச் சொல்வதுபோல் மழுங்கி ஒலிக்கிறது. மூளைத்தாக்கு சரியாகப் பொருந்துகிறது: இடமும் உண்டு, அடியும் உண்டு, அடைப்பு கசிவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. சி.வி.ஏ. என்பதில் கடைசி எழுத்து விபத்தைக் குறிப்பது. 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, உயர் இரத்த அழுத்தம், புகை, உடலுழைப்பின்மை போன்ற மாற்றக்கூடிய பத்துக் காரணங்களோடு ஏறத்தாழ 90 விழுக்காட்டு மூளைத்தாக்கைத் தொடர்புபடுத்தியது. அதற்கு மேலும் அதை விபத்து என்று எழுதுவது தகாது.

அதற்காகப் பக்கவாதத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மூளைத்தாக்கு நிகழ்வு, பக்கவாதம் அது விட்டுச் செல்லும் ஒரு விளைவு, அதாவது உடம்பின் ஒரு பாதி செயலிழப்பது. மருத்துவர்கள் ஹெமிப்ளீஜியா என்பது இதைத்தான். அந்தக் கிரேக்கச் சொல்லும் ‘பாதி அடி’ என்றே பொருள்படும். பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் அடி விழுந்தால் உடம்பின் வலப்பக்கம் விழும் என்பதால், எந்தப் பக்கம் என்று எழுதும்போது மூளையையா உடம்பையா சொல்கிறோம் என்பதைப் பிரித்தே ஆக வேண்டும். பக்கம் விழாமலும் மூளைத்தாக்கு வரலாம். பார்வையில் பாதி மறையும், தலை சுற்றி நடை தள்ளாடும், சொல் வராது, அவ்வளவுதான். “கை கால் நல்லாத்தானே இருக்கு” என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் இவர்கள்.

பக்கம் என்ற சொல் எனக்கு வேறொரு விதமாகவும் முக்கியம். மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே கவனத்திலிருந்து போய்விடும். தட்டின் வலப் பாதியில் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போதவில்லை என்பார்கள். முகத்தில் பாதியை மட்டும் மழிப்பார்கள். கண் தெரியும், கை அசையவும் கூடும், பக்கம்தான் இல்லை. இதை ஒருபக்கப் புறக்கணிப்பு என்று மொழிபெயர்க்கிறோம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. புறக்கணிப்பதற்கு ஒன்றைக் கண்டிருக்க வேண்டும்; இவர்களுக்கு அது தென்படுவதே இல்லை. ‘பக்கம் மறைதல்’ என்று சொன்னால் குடும்பத்தாருக்கு உடனே புரிகிறது. “வேணும்னே பார்க்க மாட்டேங்கிறார்” என்ற கோபமும் அடங்குகிறது.

பேச்சிலும் இரண்டு சொற்களைக் கலக்கக் கூடாது. பேச்சுக் குழறல் என்பது நாக்கும் உதடும் ஒத்துழைக்காதது. அஃபேசியா மொழியே கைவிட்டுப்போவது. சிலருக்கு வாசிப்பும் எழுத்தும் கூடப் போகும். இதற்குப் பேச்சிழப்பு என்பதைவிட மொழியிழப்பு பொருத்தம்.

இனி, பிந்தைய வேலைக்கான சொல். மறுவாழ்வு, புனர்வாழ்வு இரண்டும் வழக்கில் உள்ளன. இரண்டும் முகாம்களையும் போதை மீட்பையும் நினைவூட்டுவதால், நான் மீட்புப் பயிற்சி என்கிறேன். மீட்சி என்பதற்குள்ளும் ஆய்வாளர்கள் ஒரு கோடு போடுகிறார்கள்: விழுந்த கையே பழையபடி அசைவது மீட்சி, மற்றக் கையால் வேலையை முடித்துக்கொள்வது ஈடுகட்டல். இரண்டும் தேவை. ஆனால் எதற்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்பது முதலிலேயே தெளிவாக வேண்டும். 2017இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று காலத்தையும் பிரித்து வைத்தது. முதல் 24 மணி நேரம் ஒரு கட்டம், ஏழு நாள் வரை அடுத்தது, பிறகு மூன்று மாதம், ஆறு மாதம். ஆறு மாதத்துக்குப் பிந்தையதை ‘நாட்பட்ட’ நிலை என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பயிற்சியை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. வேகமான முன்னேற்றம் முதல் மாதங்களில்தான் என்பது உண்மை. அதற்குப் பிறகு எதுவும் மாறாது என்பது உண்மையல்ல.

“எப்போ குணமாகும்?” என்று கேட்பவர்களிடம் நான் தேறுதல் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். குணமாதல் என்றால் நோய் இருந்த சுவடே இல்லை என்றாகிவிடும். தேறுதல் படிப்படியானது. போன வாரம் பிடி தேறியது, இந்த வாரம் விரல் நீட்டுவது தேறியிருக்கிறது, அடுத்தது பொத்தான் போடுவது என்று அதைக்கொண்டு கணக்குச் சொல்ல முடியும்.